எக்ஸ்ரே படமும் எலும்பின் வலுவும்

ஊராட்சி மன்றக் கூட்டங்களில் சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரி வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். திண்ணைப் படியில் கால் இடறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கயிற்றுக் கட்டிலோடு காலம் கழிக்கும் முதியோரைப் பற்றித் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியும் ஏறுவதில்லை. அது அவரவர் வீட்டுத் துன்பம், அவரவர் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம். நின்ற நிலையிலிருந்து விழுந்த மாத்திரத்தில் ஓர் எலும்பு முறியுமானால், அதை விதி என்று தள்ளிவிடுதல் சரியன்று. அந்த எலும்பு முன்னரே மெலிந்து போயிருக்கக் கூடும். அம்மெலிவைக் காலத்தில் கண்டறிய இன்று வழி உண்டு. அவ்வழியில் எக்ஸ்ரே படத்தின் பயன் யாது, அதன் எல்லை யாது, ஊராட்சி செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

படம் உண்டு, கேள்வி இல்லை

திருவண்ணாமலை நகரை ஒட்டிய வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. அங்குத் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்திற்கு உதவித்தொகை வேண்டி வரும் முதியோர் சிலரின் கையில் பெரிய காகித உறை ஒன்று இருக்கும். உறையினுள் எக்ஸ்ரே படம். "மணிக்கட்டு ஒடிந்தது, கட்டுப் போட்டோம், கூடிவிட்டது" என்பார்கள். மனு கொடுத்தபின் அப்படம் வீட்டுப் பரணுக்குப் போய்விடும்.

எலும்பு எங்கே முறிந்தது என்பதற்கு அப்படம் விடை சொல்லிவிட்டது. இவ்வளவு சிறிய விழுகைக்கு அது ஏன் முறிந்தது என்ற கேள்வியை வீட்டார் கேட்கவே இல்லை. மணிக்கட்டு முறிந்த ஐம்பத்தைந்து வயது அம்மையார், பத்து ஆண்டு கழித்து இடுப்பு முறிந்து வரும்போதுதான் அக்கேள்வி எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இடுப்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பிறர் துணையின்றி நடமாட இயலாதவர்களாகின்றனர். கறவை மாட்டை விற்றும், நிலத்தை அடமானம் வைத்தும் வைத்தியம் பார்த்த குடும்பங்கள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை.

எலும்புப்புரை என்பது யாது?

எலும்பு கல்லைப் போல உயிரற்ற பொருளன்று. வயல் வரப்பை ஆண்டுதோறும் வெட்டிப் புதுமண் அணைப்பதைப் போல, உடலும் பழைய எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் புதிய எலும்பை இட்டு நிரப்புகிறது. சுமார் முப்பது வயது வரையில் சேமிப்பு மிகுதி. அதன்பின் நடுவயதைக் கடக்கையில் வரவினும் செலவு மேலோங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் சில ஆண்டுகள் இவ்விழப்பு மிக விரைவாக நிகழ்கிறது.

எலும்பின் உட்பகுதி தேனடை போன்றது. இழப்பு மிகுந்தால் அந்த அடையின் சுவர்கள் மெலிந்து, கண்ணறைகள் அகன்று, வெளித்தோற்றம் மாறாமலே எலும்பு வலுவிழக்கிறது. மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்று கூறும் இந்நிலையைத் தமிழில் எலும்புப்புரை என்கிறோம். முறியும் வரையில் வலி இராது என்பதே இதன் கொடுமை. மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களே பெரும்பாலும் முறிகின்றன. முதுகெலும்புக் கணுக்கள் விழாமலும் நசுங்கும். உயரம் குறைந்து கூன் விழுவதை முதுமையின் இயல்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல சமயங்களில் அது நசுங்கிய கணுக்களின் விளைவாகும்.

இது நகரத்துப் பணக்காரரின் நோய் என்று எண்ணுவதற்கில்லை. நம் அண்டை மாவட்டமான வேலூரில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், மாதவிலக்கு நின்ற, நடமாட்டமுள்ள 150 பெண்களைச் சோதித்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்புப்புரை இருந்தது. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைவும், வெயில் மிகுந்த நாட்டிலேயே வைட்டமின் டி குறைவும் பலரிடம் காணப்பட்டன. 1989 வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தவை. மண்ணும் உணவும் பெரிதும் ஒன்றே. ஆதலின் அங்குக் கண்டது இங்கு இராது என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது.

எக்ஸ்ரே படம் காட்டுவதும் காட்டாததும்

ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. கதிர்கள் சதையை எளிதில் ஊடுருவிச் செல்கின்றன. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தோ அவற்றைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. தடுக்கப்பட்ட இடம் படத்தில் வெண்மையாகவும், கதிர் புகுந்த இடம் கருமையாகவும் அமைகின்றன.

அங்ஙனமாயின் வெண்மை குறைந்தால் எலும்பு மெலிந்தது என்று உடனே சொல்லிவிடலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, கண்ணின் குறை. எலும்பிலுள்ள தாதுப்பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போனபின்னரே சாதாரணப் படத்தில் வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும் என்பர். மற்றொன்று, படத்தின் குறை. கதிரின் அளவு, உடலின் பருமன் ஆகியவற்றைப் பொறுத்து வெண்மை மாறுகிறது. இக்காலக் கணிப்பொறிப் படங்களில் கருவியே வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைத்துவிடுகிறது. எனவே, படத்தில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கேட்டதைக் கொண்டு எலும்புப்புரை இல்லை என்று முடிவு செய்தல் தவறு.

படத்தைக் கொண்டு அளக்கும் வழிகள்

இத்தடைகளைக் கடக்க அறிஞர்கள் பல உபாயங்களைக் கண்டனர். அவற்றுள் மூன்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவது, அலுமினியப் படிக்கட்டு முறை. நெல்லை அளக்க மரக்கால் வேண்டும். குவியலைப் பார்த்து மதிப்பிட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். அதுபோலப் படமெடுக்கும்போது கையின் அருகே, படிப்படியாகத் தடிமன் கூடும் ஒரு சிறிய அலுமினியத் துண்டை வைத்தனர். எலும்பும் அலுமினியமும் ஒரே படத்தில், ஒரே கதிரில் பதிகின்றன. விரலெலும்பின் வெண்மை அலுமினியத்தின் எத்தனையாவது படிக்கு ஒத்திருக்கிறது என்று பார்த்தால், படம் வெளிறினாலும் கறுத்தாலும் ஒப்பீடு பெரிதும் மாறாது.

இரண்டாவது, சுவரின் கனத்தை அளத்தல். வெளிச்சுற்று ஒரே அளவாக உள்ள இரு மூங்கில்களில் கல்மூங்கில் பாரம் தாங்கும். உட்குழிவு மிகுந்தது பிளந்துவிடும். உள்ளங்கை எலும்பும் அத்தகையதே. பார்னெட், நார்டின் என்ற இரு மருத்துவர்கள் இதனை எளிய கணக்காக்கி 1960இல் வெளியிட்டனர். ஆட்காட்டி விரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பின் நடுவே வெளி அகலம் 8 மில்லிமீட்டர், உட்குழிவு 4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இரு பக்கச் சுவர்களும் சேர்ந்து 4 மில்லிமீட்டர், நூற்றுக்கு 50. உட்குழிவு 5 மில்லிமீட்டராக அகன்றால் சுவர் 3 மில்லிமீட்டராகிறது. நூற்றுக்கு 37½ ஆகக் குறைகிறது. இதில் வெண்மையை மதிப்பிட வேண்டுவதில்லை, அளவுகோலே போதும். இதே முறையைப் பின்னாளில் கணிப்பொறி கொண்டு மேலும் நுட்பமாகச் செய்யலாயினர்.

மூன்றாவது முறையை வகுத்தவர்கள் இந்திய மருத்துவர்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. மன்மோகன் சிங், நாக்ரத், மைனி ஆகிய மூவரும் 1970இல் இதனை வெளியிட்டனர். உலக மருத்துவ நூல்களில் இது சிங் குறியீடு என்று வழங்குகிறது. தொடையெலும்பின் மேல்முனையை எக்ஸ்ரேயில் நோக்கினால், பாரம் இறங்கும் வழியிலும் இழுவிசை செல்லும் வழியிலும் மெல்லிய எலும்பு வரிகள் ஒழுங்காக ஓடுவதைக் காணலாம். கூரை வீடு நாள்பட்டுப் போகும்போது முதலில் வரிச்சுகள் உளுத்து உதிர்கின்றன. பின்பு கைமரங்கள் போகின்றன. நடுத்தூணே கடைசி வரை நிற்கிறது. எலும்பிலும் அவ்வாறே துணை வரிகள் முதலில் மறைந்து, முதன்மை வரிகள் பின்னர் அறுபடுகின்றன. எல்லா வரிகளும் தெளிவாக இருந்தால் 6ஆம் படி. முக்கிய இழுவரி இடையே அறுபட்டுவிட்டால் 3ஆம் படி. அது எலும்புப்புரையைத் திட்டமாகக் காட்டுவதாகக் கொண்டனர். 1ஆம் படியில் முக்கியப் பாரவரிகளே மங்கலாக எஞ்சி நிற்கும்.

தனிக் கருவி ஏதும் வேண்டாமையே இம்முறையின் சிறப்பு. எனினும் ஒரே படத்தை இரு மருத்துவர்கள் பார்த்து இரு வேறு படிகளைச் சொல்லுதல் உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, இதனை எச்சரிக்கையாகக் கொள்ளலாமேயன்றி இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. எக்ஸ்ரே படத்தைக் கணிப்பொறியே ஆராய்ந்து எலும்பு மெலிந்தோரைச் சுட்டிக்காட்டும் முயற்சிகளும் இப்போது நடைபெற்று வருகின்றன. அவற்றிற்கும் இதே வரம்பு பொருந்தும்.

இரட்டைக் கதிர்க் கருவி

இன்று உலகெங்கும் உரைகல்லாகக் கொள்ளப்படுவது டெக்ஸா எனப்படும் இரட்டை எக்ஸ் கதிர்ச் சோதனை. 1980களின் பிற்பகுதியில் இது புழக்கத்திற்கு வந்தது. கல்லும் மண்ணும் கலந்த ஒரு மூட்டையை ஒரு முறை எடை போட்டால் மொத்த எடைதான் தெரியும். கல் எவ்வளவு, மண் எவ்வளவு என்பது தெரியாது. தெரியாத பொருள் இரண்டாயின் அளவும் இரண்டு வேண்டும். எனவே இக்கருவி வலிமை வேறுபட்ட இரு வகைக் கதிர்களைச் செலுத்துகிறது. சதையும் எலும்பும் அவ்விரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் தடுக்கின்றன. இரு அளவுகளையும் ஒப்பிட்டுச் சதையின் பங்கைக் கழித்துவிட்டு, எலும்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாதுப்பொருள் உள்ளது என்று கருவி கணக்கிட்டுத் தருகிறது. கீழ் முதுகையும் இடுப்பையும் சோதிப்பதே வழக்கம். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். உடலில் படும் கதிரும் மிகச் சொற்பம்.

விடைத்தாளில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். நல்ல எலும்பு வலுவுள்ள இளவயதினரின் சராசரியைப் பூஜ்யம் என்று வைத்து, அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று காட்டும் எண் அது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறையின்படி, கழித்தல் 1 வரை இயல்பு நிலை. கழித்தல் 1க்கும் கழித்தல் 2.5க்கும் இடைப்பட்டது குறைந்த அடர்த்தி, கழித்தல் 2.5உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ஐம்பது வயது கடந்த ஆண்களுக்கும் இவ்வெண் பொருந்தும்.

நகரத் திருமண மண்டபங்களில் இலவச முகாம் நடத்தி, குதிகாலை ஒரு சிறு கருவியில் வைக்கச் சொல்லி எண் எழுதித் தருவதைச் சிலர் கண்டிருக்கலாம். அது பெரும்பாலும் ஒலியலைச் சோதனையே. இரட்டைக் கதிர்ச் சோதனை அன்று. அந்த எண்ணைக் கண்டு அஞ்சி மாத்திரை வாங்கவும் வேண்டாம். மகிழ்ந்து வாளா இருந்துவிடவும் வேண்டாம். சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெண்மை எல்லாம் வலிமையன்று

அடர்த்தி மிகுந்தால் எலும்பு வலிதென்று எப்போதும் கொள்ளலாமா? ஆகாது என்பதற்குச் சான்று நம் பழைய சென்னை மாகாணத்திலேயே உள்ளது. அன்று மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் முதுகு விறைத்து, மூட்டுகள் மடங்காமல் துன்புற்ற மக்களைப் பற்றி ஷார்ட் முதலிய நால்வர் 1937இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் கதிரியல் வல்லுநரான பர்னார்ட். சென்னையில் 1934இல் திறக்கப்பட்ட பர்னார்ட் கதிரியல் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்பதே. அந்நோய்க்குக் காரணம் கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடு உப்பு. இந்நோய் முற்றியவர்களின் எலும்பு எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தோன்றும். எனினும் அவ்வெலும்பின் கட்டமைப்பு செம்மையுற்றதன்று. வெளுத்த தோற்றத்தை நம்பி வலிது என்று கொள்ளலாகாது.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தொல்லை நெடுநாள் இருந்து வந்தது. அதைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் செயலுக்கு வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடுக்கு மேற்படாதிருத்தல் நலம்; வேறு நீர் கிடைக்காவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புவது எலும்பைக் காக்கும் பணியுமாகும் என்பதை ஊராட்சியினர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

முதுமையில் முதுகெலும்பின் ஓரங்களில் முளைக்கும் எலும்பு முட்களும் கருவியின் எண்ணை உயர்த்திக் காட்டும். அதனால்தான் மருத்துவர் முதுகோடு இடுப்பையும் சேர்த்துச் சோதிக்கிறார். எண்ணை மட்டும் நம்பாமல், முன்னர் நேர்ந்த முறிவு, உயரக் குறைவு ஆகியவற்றையும் கேட்டறிகிறார்.

யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

டெக்ஸா கருவி எல்லா ஊர் மருத்துவமனையிலும் இருப்பதில்லை. எல்லோரையும் சோதிக்கவும் தேவையில்லை. கீழ்க்கண்டோரை முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்புக. மேற்சோதனை தேவையாயின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கருவி உள்ள வேறு மருத்துவமனைக்கோ அவரே வழிகாட்டுவார்.

1. ஐம்பது வயதுக்குப்பின் சிறு விழுகையால் மணிக்கட்டு, இடுப்பு, தோள் முறிந்தவர்கள்.
2. இளமையில் இருந்ததைவிட உயரம் 4 சென்டிமீட்டர் வரை குறைந்தவர்கள், கூன் விழுந்தவர்கள்.
3. நாற்பத்தைந்து வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றவர்கள், அறுவையில் சூற்பைகளை இழந்த பெண்கள்.
4. இளைப்புக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பல மாதங்கள் உட்கொண்டவர்கள். பெயர் தெரியாத வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி உண்போரும் இதில் அடங்குவர்.
5. உடல் மிக மெலிந்தவர்கள், பீடியும் மதுவும் பழகிய முதியவர்கள்.

செல்லும்போது வீட்டிலுள்ள பழைய எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இருமலுக்காக எடுத்த மார்புப் படத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தில்கூட நசுங்கிய முதுகெலும்புக் கணு தென்படலாம். அன்று நுரையீரலை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு அது தப்பியிருக்கலாம். படங்களை மடிக்காமல், ஈரம் படாமல், தேதி தெரியும்படி வைக்கவும். கைப்பேசிக்கு அனுப்பப்பட்ட படத்தையும் அழித்துவிட வேண்டாம். அதன் வெண்மையைக் கொண்டு அடர்த்தியைக் கணக்கிட இயலாதாயினும், முறிவும் வடிவமும் அதில் தெரியும்.

இடுப்பு முறிந்தால் கட்டுப் போடும் இடங்களை நாடி நாள் கழிக்கலாகாது. இடுப்பு முறிவுக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வேண்டும். தாமதம் உயிருக்கே கேடு. எவ்விடத்து முறிவாயினும் அது கூடியபின், "இது ஏன் முறிந்தது? இன்னொன்று முறியாதிருக்க என்ன செய்யலாம்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். எலும்புப்புரைக்கு மருந்து உண்டு. மேலும் முறியும் வாய்ப்பை அது குறைக்கிறது. மருத்துவர் சொன்ன முறையிலும் காலத்திலும் அதனை உட்கொள்ளுதல் இன்றியமையாதது.

உணவும் உழைப்பும்

உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியுள்ளது. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. இதனைப் பெறக் கடைச் சத்துமாவு தேட வேண்டுவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முருங்கைக்கீரையும் எள்ளும் மோரும் நம் வீட்டுப் பொருள்களே. பாலைச் சங்கத்தில் ஊற்றும் வீட்டார், அதில் ஓர் ஆழாக்கு வீட்டுப் பெண்களுக்கென எடுத்துவைத்த பின்னரே ஊற்றுதல் வேண்டும்.

வெயிலில் உடல் படுதலும், பாரம் தாங்கும் நடையும் எலும்புக்கு நல்லவை. நம் ஊரில் 14 கிலோமீட்டர் மலைவலம் வரும் மூதாட்டியரைக் காண்கிறோம். அவ்வளவு இயலாதவர்கள் தம் தெருவிலேனும் நாள்தோறும் அரைமணி நேரம் நடந்துவரலாம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் வீடு தேடி வரும் பணியாளரிடம், மேற்சொன்ன ஐந்து வகையினர் எவ்வீட்டில் உள்ளனர் என்பதைச் சொல்லுதல் உறுப்பினர்களின் கடமையாகக் கருதப்பட வேண்டும். ஓர் உறுப்பினர் தம் வார்டில் இப்பட்டியலை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகமே.

விழாமல் காப்பதும் வைத்தியத்தில் பாதி. குடிநீர்க் குழாயடிச் சிமெண்டுத் தளத்தில் பாசி படியவிடாமல் தேய்த்துக் கழுவுதல், நியாயவிலைக் கடைப் படியிலும் சமுதாயக் கழிப்பறையிலும் கைப்பிடிக் கம்பி பொருத்துதல், முதியோர் நடமாடும் தெருமுனையில் விளக்கு எரியச் செய்தல் ஆகியவை ஊராட்சியின் அன்றாடப் பணிகளே. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குழந்தைகளுக்குக் கேழ்வரகு உணவை ஊக்குவித்தல், முப்பது ஆண்டுகளுக்குப் பின் முறியக்கூடிய எலும்பை இன்றே காப்பதாகும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலைக்கும் குடிநீருக்கும் பின்னராயினும், இக்கேள்விகளை முன்வைக்க வேண்டுகிறோம்: சென்ற ஓராண்டில் நம் ஊரில் விழுந்து எலும்பு முறிந்த முதியோர் எத்தனை பேர்? அவர்கள் எங்கே விழுந்தார்கள்? ஏன் முறிந்தது என்று அவர்களுள் எத்தனை பேர் சோதித்துக்கொண்டார்கள்? மூன்று எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்து, மறு ஆண்டு அதே நாளில் ஒப்பிட்டுப் பார்த்தால், ஊராட்சி செய்த பணியின் பயன் தானே விளங்கும்.